தலையும் கழுத்தும்: விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



மூளையின் அடியில் தொடங்கும் தண்டுவடம், முதுகெலும்புக் கூட்டுக்குள் சுமார் 45 செ.மீ. இறங்கி, இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. சுண்டுவிரல் பருமன்தான். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. கைகால் அசைவும் தொடு உணர்வும் மட்டுமல்ல, மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை, சிறுநீர், மலம், தாம்பத்தியம் என்று உடம்பின் அத்தனை நடப்பும் இந்த ஒரே வழியாகத்தான் போய் வருகிறது. ஆகவே அடி எந்த மட்டத்தில் பட்டது என்பதுதான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகள் உதரவிதானத்தை இயக்குபவை. அதற்கு மேலே காயம் பட்டால் மூச்சே நின்றுபோகலாம். கழுத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் தோள் அசையும், விரல் மடங்காது. மார்பு மட்டத்தில் பட்டால் கைகள் தப்பும், கால்கள் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள். சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும்தான் முதன்மைக் காரணங்கள். இந்தியாவில் மரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழுகிறவர்கள் அதிகம். கோடை விடுமுறையில் ஆழம் தெரியாத கிணற்றில் தலைகீழாகப் பாய்வதும் இந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய பிரீத்தி ஸ்ரீனிவாசன், 1998-இல் புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தில் சில நொடிகளுக்குள் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இன்று திருவண்ணாமலையில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்காக அவர் நடத்தும் சோல்ஃப்ரீ அமைப்பைப் பலரும் அறிவார்கள்.

கபடியில் ரெய்டு போனவனின் கணுக்காலை ஒருவன் பிடிக்கிறான், மூன்று பேர் மேலே சாய்கிறார்கள், உச்சந்தலை தரையில் குத்துகிறது. குனிந்த தலையோடு உச்சியில் வாங்கும் இந்த அடிதான் இருப்பதிலேயே மோசமானது. கழுத்துக்கு இயல்பாக உள்ள பின்வளைவு குனியும்போது நேராகிவிடுகிறது. வளைவு இருந்தால் தசைகள் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நேரான கழுத்தில் உடம்பின் மொத்த எடையும் எலும்பின் மேல் நேர்க்கோட்டில் இறங்கி அதை நொறுக்குகிறது. அமெரிக்கக் கால்பந்தில் தலையை முன்னுக்குக் கொடுத்து எதிராளியை மோதும் உத்தி ஒரு காலத்தில் சாதாரணம். ஜோசப் டார்க் என்ற எலும்பு மருத்துவர் கழுத்துக் காயங்களைத் தொகுத்து ஆராய்ந்து இந்த உத்தியே காரணம் என்று காட்டினார். அதைத் தடுக்கும்படி 1976-இல் விதி மாறியது. அந்த ஆண்டு 34 இளைஞர்கள் நான்கு அங்கங்களும் நிரந்தரமாகச் செயலிழந்திருந்தார்கள். 1984-இல் அந்த எண்ணிக்கை 5. எந்த மருந்தும் எந்த அறுவை சிகிச்சையும் இன்றுவரை இந்த அளவு பலன் தந்ததில்லை. பிடிக்கும்போது தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கண் எதிராளியைப் பார்க்க வேண்டும், மோதுவது தோளாக இருக்க வேண்டும் என்று ஒரு பயிற்றுநர் தினமும் சொல்லிக்கொடுப்பதும் மருத்துவம்தான்.

விபத்தில் தண்டுவடம் பெரும்பாலும் அறுபடுவதில்லை, நசுங்குகிறது. அந்த நசுக்கலில் சாகும் செல்கள் சில. அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும்தான் சேதம் பெருகுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன, வீக்கம் இறுகுகிறது, ரத்தம் குறைகிறது, செத்த செல்கள் கொட்டும் ரசாயனங்கள் பக்கத்தில் உள்ள நல்ல செல்களையும் கொல்கின்றன. உடைந்த எலும்பு நிலையில்லாமல் இருக்கையில் ஆளைத் தூக்கி உட்கார வைத்தால், தப்பியிருந்த இழைகளும் போய்விடக்கூடும். மைதானத்தில் என்ன செய்கிறோம் என்பது முக்கியமாவது இதனால்தான்.

நடப்பது பெரும்பாலும் வேறு மாதிரி. பையன் விழுந்ததும் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார், ஒருவர் சோடா உடைக்கிறார், இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். பிறகு இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடிக்க, ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். தலையோ கழுத்தோ அடிபட்டவருக்குச் செய்யக் கூடாதவை எல்லாம் இதில் அடக்கம்.

விழுந்தவரை விழுந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு காதுகளின் பக்கமும் கைகளை வைத்துத் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கோணலாக இருக்கும் கழுத்தை நாமாக நேராக்க முயலக் கூடாது. "கையை மடக்கு, கால் விரலை ஆட்டு" என்று கேட்கலாம், "கழுத்தைத் திருப்பு" என்று கேட்கவே கூடாது. கழுத்து வலி, கைகாலில் மரமரப்பு, மின்சாரம் பாய்ந்த மாதிரி உணர்வு, விரல்களில் பலமின்மை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தண்டுவடக் காயம் என்றே எடுத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரையும் அப்படித்தான் கருத வேண்டும். மூச்சு இல்லையென்றால் முதல் கடமை மூச்சுதான். கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்காமல் கீழ்த்தாடையை முன்னுக்குத் தூக்கிச் சுவாச வழியைத் திறக்கலாம், நெஞ்சழுத்தம் கொடுக்கலாம். கழுத்துக்குப் பயந்து உயிரை விட்டுவிடக் கூடாது.

வாந்தி எடுக்கிறார், ஒருக்களிக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலையில். மற்றவர்கள் தோள், இடுப்பு, முழங்கால் பக்கம். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிச் சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி திருப்ப வேண்டும். அவர் சொல்லும்வரை வேறு யாரும் கைவைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாலைப் பொழுதில் மாணவர்களையே வைத்துப் பழகிக்கொள்ளக்கூடிய வேலை இது. சிறுவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அவர்களது மூட்டுகள் நெகிழ்வானவை என்பதால் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தண்டுவடம் அடிபட்டிருக்கலாம்.

மருத்துவமனையில் முதலில் ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், நசுக்கும் எலும்பையோ ரத்தக்கட்டையோ அறுவை செய்து விலக்குகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட்டால் பலன் கூடுதல் என்பது 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து 2021-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. ஸ்டீராய்டு ஊசியின் கதை வேறு. 1990-இல் பெரிய நம்பிக்கையோடு உலகெங்கும் பரவிய மெத்தில்பிரெட்னிசலோன், பிறகு தொற்றும் ரத்தக் கசிவும் தருவது தெரியவந்து, 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதலில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. தலைக்காயத்திலோ நிலைமை இன்னும் கடுமை. 2004-இல் 10,000 பேரிடம் நடந்த கிராஷ் ஆய்வில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களே அதிகம் இறந்தார்கள். காரண காரியத்தோடு கச்சிதமாகத் தோன்றும் சிகிச்சையையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடக் காயம் பட்டவர் நெடுநாள் வாழ்ந்தது அபூர்வம். அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார். அங்கே விளையாட்டு சிகிச்சையானது. 1948-இல் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லேந்திய போட்டிதான் பாராலிம்பிக்கின் தொடக்கம்.

இந்தியாவில் அந்த மறுவாழ்வுப் பணியின் ஒரு தடம் வேலூரில் தொடங்குகிறது. சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960-களில் வேலூரில் அதற்கென ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். 1966-இல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது இன்னொரு தடம். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் யாருக்கும் தண்டுவடம் குணமாகவில்லை. குணமாகாமலே முழு வாழ்க்கை வாழ முடியும் என்பதற்கு இவர்களே ஆதாரம்.

அந்த வாழ்க்கைக்கு அடித்தளம் அன்றாடப் பராமரிப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி எழும்பியோ முன்னால் சாய்ந்தோ பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உணர்வில்லாத தோல் வலியைச் சொல்லாது, ஆகவே தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை சுத்தமான குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறை, சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடெஸ் 1972-இல் அறிமுகப்படுத்தியது. அது காப்பாற்றிய சிறுநீரகங்களுக்குக் கணக்கில்லை. மார்பின் 6-ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலை வெடிப்பது போல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று பொருள். பெரும்பாலும் அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாயோ மலச்சிக்கலோதான் காரணம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர் உள்ள பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கன்கஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் மூளை அதிர்வு தண்டுவடக் காயத்துக்கு நேர் எதிரான தன்மை கொண்டது. அதன் பாதிப்பு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை, கெட்டித் தயிர் பதத்தில் உள்ள மென்மையான உறுப்பு. தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட இழைகளிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தச் சமநிலையை மீட்கச் செல்களுக்கு ஏராளமான சக்தி வேண்டியிருக்கிறது, ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. மூளை பட்டினி கிடக்கும் இந்த நாட்களில் அது செயல்படுவதில்தான் கோளாறு, கட்டமைப்பில் அல்ல. அதனால் சிடி ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். "ஸ்கேன் நார்மல், நாளைக்கு ஆடலாம்" என்ற பேச்சு இங்கேதான் தவறிப்போகிறது. ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது.

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்வு என்பது பரவலான நம்பிக்கை. விளையாட்டில் நேரும் அதிர்வுகளில் பத்தில் ஒன்றில்கூட நினைவு தப்புவதில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, ஸ்கோர் மறந்துபோவது, காரணமில்லாத எரிச்சல் அல்லது அழுகை இவைதான் அடையாளங்கள். சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஸ்டீவ் ஸ்மித், சோதனையில் தேறி மறுபடி ஆட வந்தார். மறுநாள் காலையில் அறிகுறிகள் தெரிந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். அந்த விதி அதே மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மருத்துவர்கள் சூழ்ந்திருக்கும் சர்வதேச ஆட்டத்திலேயே அறிகுறி ஒருநாள் தாமதமாகத் தெரியும் என்றால், ஊர்ப் போட்டியில் "ஒண்ணுமில்ல சார், நான் ஆடுறேன்" என்று பையன் சொல்வதை நம்புவதற்கு இடமே இல்லை.

முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிர் போகலாம். அபூர்வம்தான், நேர்வது பெரும்பாலும் பதின்வயதினருக்கு. திரும்பத் திரும்பப் படும் அடிகளின் நீண்டகால விளைவை குத்துச்சண்டை வீரர்களிடம் நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-லேயே விவரித்தார். முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் அதே வகைச் சிதைவை நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு கண்டு 2005-இல் வெளியிட்டபோது அந்த விளையாட்டுலகமே ஆட்டம் கண்டது.

சிகிச்சையில் பெரிய மாற்றம் வந்திருப்பது ஓய்வு பற்றிய எண்ணத்தில்தான். இருட்டறையில் பல வாரம் படுக்க வைத்த காலம் போய்விட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாட்டின் அறிக்கை, முதல் 24 முதல் 48 மணி நேரம் மிதமான ஓய்வும் திரையைக் குறைப்பதும் போதும், பிறகு நடை போன்ற லேசான பயிற்சி குணத்தை விரைவுபடுத்தும் என்கிறது. அமெரிக்காவின் பஃபலோவில் ஜான் லெடி குழு பதின்வயதினரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் துடிப்பை அளவோடு உயர்த்தும் பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும், வெறும் தசை நீட்டல் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். உடல் மோதும் பயிற்சிக்கு முன்பு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன்னால் படிப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்திலும் சிறுவர்கள் நான்கு வாரத்துக்குள்ளும் தேறிவிடுகிறார்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், கண்மணிகளின் அளவில் வேறுபாடு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ரத்தக் கசிவாகவோ மண்டையோட்டு முறிவாகவோ இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற இரு புரதங்களை ரத்தத்தில் அளக்கும் சோதனைக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க அது உதவும். ஆட்டத்துக்கு அனுப்பலாமா என்பதை அது சொல்லாது.

தண்டுவடத்துக்கான புதிய சிகிச்சைகளில் இப்போது முன்னே நிற்பது மின்தூண்டல். காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் சாகவில்லை, கட்டளைதான் வந்து சேரவில்லை என்பதே இதன் அடிப்படை. 2011-இல் அமெரிக்காவின் லூயிவில்லில் சூசன் ஹர்கேமா, ரெஜி எட்ஜர்டன் குழு, தண்டுவடத்தின் உறைமேல் மின்முனைகள் பதித்து, கால் செயலிழந்த ராப் சம்மர்ஸை எழுந்து நிற்க வைத்தது. 2018-இல் மூன்று குழுக்கள் சிலரை உதவியோடு நடக்க வைத்தன. சுவிட்சர்லாந்தின் லொசானில் கிரேகுவார் கூர்த்தீனும் ஜோசலின் பிளாக்கும் மூளையில் ஒரு கருவியும் தண்டுவடத்தில் ஒரு கருவியும் பதித்து இரண்டையும் இணைத்தார்கள். நடக்க நினைத்ததும் கால் அசையும் அந்த முயற்சி 2023-இல் வெளியானது. அறுவையே இல்லாமல் கழுத்தின் தோல்மேல் ஒட்டும் மின்முனைகளால் கைகளின் பலம் கூடுமா என்று 60 பேரிடம் சோதித்ததில் 72 சதவீதத்தினருக்குப் பலமும் பயன்பாடும் கூடியது. 2024 டிசம்பரில் அமெரிக்கா அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. எல்லாமே கடும் பயிற்சியோடு சேர்ந்தால்தான் பலன் தருகின்றன. ஓடியாட வைப்பதாக எந்தக் குழுவும் சொல்லவில்லை. குவளையைப் பிடிக்க முடிவதும் ரத்த அழுத்தம் நிலைப்படுவதும் காயம் பட்டவருக்குச் சாதாரண லாபமல்ல. மெல்போர்னில் நடாஷா வான் ஸைல் குழு, காயத்துக்கு மேலே இன்னும் வேலை செய்யும் நரம்பை எடுத்து விரல்களை இயக்கும் நரம்போடு இணைத்துக் கைப்பிடியை மீட்டுத் தந்ததும் (2019) அதே வகை ஆதாயம்.

ஸ்டெம் செல் பற்றித்தான் எச்சரிக்கை தேவை. ஜப்பானின் கியோ பல்கலைக்கழகம் நான்கு பேருக்குச் செல்களைச் செலுத்தி, 2025-இல் இருவருக்கு முன்னேற்றம் என்று அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத, சிகிச்சை பாதுகாப்பானதா என்று அறிவதற்கான தொடக்க ஆய்வு அது. நரம்பு வளர்ச்சியைத் தடுக்கும் நோகோ புரதத்தை மடக்கும் மருந்து, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2024-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் காட்டவில்லை. ஆராய்ச்சி நேர்மையாகத்தான் நடக்கிறது, ஆனால் மெதுவாக. இதற்கிடையில் சில லட்சங்களுக்கு ஊசி போட்டு நடக்க வைப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் இந்தியாவில் குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை தெளிவானது: ரத்த நோய்களுக்கு ஏற்கெனவே ஏற்கப்பட்ட சிகிச்சைகள் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குப் பணம் கேட்டால் அது ஆய்வே அல்ல. நிலத்தை விற்கத் துணியும் ஒரு தகப்பன் முதலில் ஆலோசனை கேட்பது பெரும்பாலும் பையனின் விளையாட்டு ஆசிரியரிடம்தான். அந்தப் பணம் நல்ல சக்கர நாற்காலிக்கும் காற்று மெத்தைக்கும் குளியலறைக் கதவை அகலப்படுத்தவும் இயன்முறை மருத்துவத்துக்கும் போக வேண்டியது என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

வரும் பொங்கல் போட்டிகளுக்கு முன்பே ஒவ்வொரு குழுவும் இரண்டு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். வெற்றி தோல்வியில் சம்பந்தமில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தலையில் அடிபட்டவர் அன்று ஆடக் கூடாது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அவரிடமே கொடுங்கள். விழுந்தவரின் தலையைப் பிடிக்கவும் ஒரே கோட்டில் திருப்பவும் பழகிய நான்கு பேரை ஆட்டம் முடியும்வரை கோட்டருகே நிறுத்துங்கள்.